ஏழாம் வகுப்பில் குப்பை மேடு: பாட்டிலில் எதைக் காட்டலாம், எதைக் காட்ட முடியாது

கேள்வியில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். சேலம் பக்கத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குப்பை மக்குவதைப் பற்றிச் சொல்ல, "வாழைப்பழத் தோல் ஒரு மாதம், பிளாஸ்டிக் பாட்டில் 450 வருஷம்" என்கிற சார்ட்டை ஒட்டினால் போதுமா. பிள்ளைகளைச் செட்டிச்சாவடிக் குப்பைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா. முடியாது என்றால் வகுப்பிலேயே செய்துகாட்ட ஏதாவது உண்டா. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: வண்டியில் ஏறிப் போன குப்பைக்கு அதன் பிறகு என்ன ஆகிறது? எத்தனை வருஷத்தில் மக்கும் என்று மனப்பாடம் செய்யவைப்பதை விட, எங்கே எப்படிக் கிடந்தால் மக்கும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி பாடத்தை அமைப்பதுதான் சரி. அதற்குச் செலவும் அதிகம் ஆகாது.

முதலில் சார்ட். தாராளமாக ஒட்டுங்கள், ஆனால் சந்தேகப்படுவதற்காக ஒட்டுங்கள். பாலிதீன் ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது 1933இல். குளிர்பானம் வரும் பெட் பாட்டிலுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1973இல். அப்படியிருக்க, 450 வருஷம் கிடந்த பெட் பாட்டிலை யார் பார்த்தது? இந்த இரண்டு வருஷத்தையும் கரும்பலகையில் எழுதி, இன்றைய வருஷத்திலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள். அந்த எண்கள் குறுகிய காலச் சோதனைகளிலிருந்து நீட்டிப் போட்ட மதிப்பீடுகள். அதனால்தான் ஒரு சார்ட்டில் 450 என்றும் இன்னொன்றில் 1,000 என்றும் இருக்கிறது. பெட்டும் பாலிதீனும் மண்ணுக்குள் ஒரு மனித ஆயுளில் மக்காது என்பது உறுதி. எத்தனை நூற்றாண்டு என்பது ஊகம். கண்ணாடிக்கு மட்டும் கையில் சாட்சி இருக்கிறது: அரிக்கமேட்டிலும் கீழடியிலும் 2,000 வருஷம் மண்ணில் கிடந்த கண்ணாடி மணிகள் மணிகளாகவே கிடைத்திருக்கின்றன.

வாழைத்தோல் ஒரு மாதம் என்பதிலும் ஓட்டை இருக்கிறது. ஈரமான எருக்குழியில் அது மூன்று நான்கு வாரத்தில் அடையாளம் தெரியாமல் போகும். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் கறுத்துச் சுருண்டு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மக்குவது என்பது நுண்ணுயிர்கள் தின்று செரிப்பது. அவற்றுக்கு ஈரம் வேண்டும், இதமான சூடு வேண்டும், பெரும்பாலானவற்றுக்குக் காற்று வேண்டும், தின்னத் தகுந்த பொருளும் வேண்டும். இதில் ஒன்றை எடுத்துவிட்டால் வேலை நிற்கும் அல்லது வேறு வழியில் போகும். பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் மூன்று சொற்களையும் இங்கேயே பிரித்துவிடுங்கள்: இலை மக்குகிறது, தகர டப்பா துருப்பிடிக்கிறது, பிளாஸ்டிக் கவர் வெயிலில் உடைந்து தூளாகிறது. மூன்றும் வேறுவேறு வேலை. கடைசியில் சொன்னதில் பொருள் எங்கேயும் போகவில்லை. பொறுக்க முடியாத அளவுக்குச் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

குப்பை மேட்டுக்குள் காற்று இல்லாததுதான் பாடத்தின் நடு நரம்பு. அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973இல் குப்பையை ஆராயத் தொடங்கி, 1987 முதல் அமெரிக்கக் குப்பை நிரப்பு நிலங்களைத் தோண்டிப் பார்த்தார். பல பத்தாண்டு பழைய செய்தித்தாள்கள் படிக்கும் நிலையில் வந்தன; எந்த அடுக்கு எந்த வருஷத்தது என்பதை அந்தச் செய்தித்தாளின் தேதியை வைத்தே கணக்கிட்டார்கள். சாப்பாட்டுப் பொருள்கள்கூட உருக்குலையாமல் இருந்தன. செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். அதைச் சிதைக்கும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் கட்டாயம். இறுக்கி மூடிய இடத்தில் அவற்றால் வேலை செய்ய முடியாது. ஆனால் இந்த முடிவை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிடாதீர்கள். அங்கே குப்பையை இயந்திரத்தால் நசுக்கி, மண் போட்டு மூடி, மழை இறங்காமல் காக்கிறார்கள். நம் ஊர்க் கிடங்குகளில் பெரும்பாலும் திறந்த வெளியில் கொட்டிய மேடுதான். வெப்பம் அதிகம், மழை நேராக இறங்கும், குப்பையில் ஏறக்குறைய பாதி சாப்பாடும் காய்கறியும் இலையும். அதனால் இங்கே வேகமாகவே மக்குகிறது. பழைய மேடுகளைத் தோண்டிச் சலிக்கும்போது கருமண் போன்ற தூள் பெருமளவில் கிடைப்பது அதனால்தான். மீதியாக வருவது கவர், துணி, ரப்பர், கல்.

இந்த இடத்தில் குப்பை மேடு வேறு, முறையான குப்பை நிரப்பு நிலம் வேறு என்று சொல்லிவிட வேண்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 நிரப்பு நிலத்துக்குச் சொன்ன அளவுகள் ஏழாம் வகுப்புப் பிள்ளை படம் வரையப் போதுமானவை: அடியில் 90 செ.மீ. இறுக்கிய களிமண், அதன் மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேல் கழிவுநீரை வடித்து எடுக்கும் அடுக்கு. அன்றன்றைய குப்பை மீது குறைந்தது 10 செ.மீ. மண், மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 செ.மீ. மண் மூடல். அங்கே போக வேண்டியது மறுசுழற்சிக்கும் உரத்துக்கும் எரிபொருளுக்கும் ஆகாத மிச்சம் மட்டும்தான். சாப்பாட்டுக் கழிவு அங்கே போகவே கூடாது. "மக்கும் பொருள்தானே, கிடங்குக்குப் போனால் என்ன?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அதற்கான பதில் காற்றில்லாத செரிமானத்தில் இருக்கிறது.

மேட்டுக்குள் சிக்கிய ஆக்சிஜன் சில நாளில் தீர்ந்துபோகும். பிறகு காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து அமிலமாக்கும். மாதங்கள் கழித்து இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். முதிர்ந்த மேட்டின் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவை விடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் கிடங்குகள் நாள்கணக்கில் எரிந்தன. இரண்டும் கோடையில் நடந்தவை என்பதைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திவிடுங்கள்: மீத்தேனுக்கு வாசனை கிடையாது. குப்பை மேட்டு நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது. நாற்றம் இல்லை என்பதால் மீத்தேன் இல்லை என்று ஆகாது.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கக் கையெட்டும் தூரத்தில் ஓர் உதாரணம் உண்டு. குச்சிக்கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் திறந்து கிடந்தால் புளித்து ஊரையே நாறடிக்கும். அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு, வரும் வாயுவைப் பிடித்து எரிபொருளாக்கும் ஆலைகள் இந்த மாவட்டத்தில் பல இருக்கின்றன. அதே பாக்டீரியா, அதே மீத்தேன்; ஒன்றில் வாயு குழாய்க்குள் போகிறது, மற்றதில் வானத்துக்குப் போகிறது.

இனி வகுப்பில் செய்வது. ஜூலை முதல் வாரம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வு முடியும்போது 12 வாரம் கிடைக்கும். 40 பிள்ளைகள் என்றால் ஐந்து பேர் வீதம் எட்டுக் குழு, எட்டு ஜாடி. வாய் அகலமான, திருகு மூடியுள்ள 2 லிட்டர் பெட் ஜாடி நல்லது. ஊறுகாய், மிட்டாய் வரும் ஜாடி போதும். மண்ணைப் புங்க மரத்தடி போல நிழலான இடத்தில் மேல் 10 செ.மீ. ஆழத்துக்குள் எடுங்கள். எம்-சாண்டும் கட்டட மண்ணும் வேண்டாம், அவற்றில் உயிர் குறைவு. நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பழைய தொழுவுரம் கலந்துகொள்ளுங்கள். ஜாடிக்கு ஒரு கிலோ கலவை, 2 செ.மீ. அளவில் நறுக்கிய காய்கறிக் கழிவு 100 கிராம். கறி, மீன், முட்டை, பால் சேர்க்கக் கூடாது. நாற்றமும் கிருமியும் தாங்காது. பேட்டரி, மாத்திரை, நாப்கின் பக்கமே போகக் கூடாது.

ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. வெட்டிய ஏழு துண்டு: வாழை இலை, செய்தித்தாள், பருத்தித் துணி, பாலியஸ்டர் துணி, பால் கவர், டீக்கடைக் காகிதக் கப்பின் சுவர், பிஸ்கட் உறை. சதுரமாக வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. எடை போட்டு அளக்கலாம் என்று பலர் தொடங்குவார்கள்; ஒட்டிய மண்ணின் எடையே துண்டின் எடையை விட அதிகமாகி, வாழை இலை "எடை கூடியதாக" முடிவு வரும். அதைவிட எடுத்த துண்டை நீரில் மெதுவாக அலசி, ஒரு சென்டிமீட்டர் கட்டமிட்ட கிராஃப் தாள் மேல் வைத்து, 25 கட்டத்தில் எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் மூடிய கட்டம் ஒன்று, பாதிக்குக் கீழ் பூஜ்யம். கணக்கு ஆசிரியரும் சந்தோஷப்படுவார்.

எட்டு ஜாடியில் நான்கு நிலைமை, நிலைமைக்கு இரண்டு ஜாடி. முதல் வகை ஈரமும் காற்றும் உள்ளது: பக்கச் சுவரில் சூடான ஆணியால் பத்துத் துளை (இதை நீங்களே போடுங்கள்), வாயில் துணி கட்டி ரப்பர் பேண்ட். ஈரத்தின் அளவு பிடித்துப் பார்த்துத்தான் தெரியும்: கைப்பிடி மண்ணை அழுத்தினால் கொழுக்கட்டை போலப் பிடிபட வேண்டும், விரலிடையில் தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டாம் வகை ஈரம் உண்டு, காற்று இல்லை: அதே மண்ணை அடுக்கடுக்காகக் கையால் குத்தி இறுக்கி, மூடியைத் திருகிவிடுங்கள். மூன்றாம் வகை காய்ந்தது: மூன்று நாள் வெயிலில் உலர்த்திய மண், தண்ணீரே கிடையாது, காய்கறியும் உலர்த்தியதுதான். நான்காம் வகை நுண்ணுயிர் குறைத்தது: ஈர மண்ணையும் காய்கறியையும் துணிப்பையில் கட்டிக் குக்கரில் அரைமணி நேரம் வேகவைத்து, ஆறவிட்டு, மறுநாள் இன்னொரு முறை அரைமணி. சத்துணவுக் கூடத்துக் குக்கரைக் கேட்காதீர்கள், பழைய குக்கர் ஒன்று தனியாக இருக்கட்டும். இதனால் மண் முழுக்கக் கிருமியற்றதாகிவிடாது. காற்றில் வரும் பூஞ்சை வித்துகள் இரண்டு மூன்று வாரத்தில் எப்படியும் உள்ளே வந்துவிடும். முதல் இரண்டு வாரம் ஜாடிச் சுவர் வழியே தெரியும் வேறுபாடுதான் இந்த ஜாடியின் பாடம்.

இரண்டாம் வகை ஜாடியை வெறுமனே இறுக மூடிவைப்பது ஆபத்து. வாயு சேர்ந்து ஜாடி உப்பும், திறக்கும்போது சீறும். மூடியில் ஒரு துளை போட்டு, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்றுக் குழாயைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடையுங்கள். குழாயின் மறுமுனை ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் மூழ்கியிருக்கட்டும். ஆழமாக மூழ்கியிருந்தால் இரவுக் குளிரில் ஜாடி தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் குமிழி வரத் தொடங்கும். அப்போது டம்ளரில் தண்ணீருக்குப் பதில் சுண்ணாம்புத் தெளிநீர் வையுங்கள்: வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் எடுக்க வேண்டும். அது பால் போல் கலங்கினால் வருவது கரியமில வாயு. திறந்த டம்ளரில் தெளிநீர் காற்றுப் பட்டே மேலே ஆடை கட்டும், எனவே பக்கத்தில் குழாயில்லாத இன்னொரு டம்ளரையும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

பலூன் மாட்டும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். "பலூன் ஊதியது மீத்தேன்" என்று அதில் சொல்வது பெரும்பாலும் தவறு. முதல் வாரங்களில் வருவது கரியமில வாயுவும் கொஞ்சம் ஹைட்ரஜனும். காய்கறியோ, ஜவ்வரிசி ஆலையில் கிடைக்கும் கிழங்குச் சக்கையான திப்பியோ மட்டும் போட்ட ஜாடி மூன்று நாளில் புளித்து, அந்த அமிலத்திலேயே நின்றுவிடும். மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுக்கு அமிலம் ஆகாது, நடுநிலை வேண்டும். சாண எரிவாயுக் கலனில் சாணக் கரைசல் ஊற்றித் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே உங்கள் ஜாடி பெரும்பாலும் புளிப்புக் கட்டத்தைத்தான் காட்டும், அதையே காட்டுங்கள். செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு அமிலத்தில் இளஞ்சிவப்பாகும். ஜாடியின் அடியில் தேங்கிய நீரில் ஐந்து சொட்டு விட்டால் நிறமே சொல்லும். எந்தக் காரணத்துக்காகவும் வரும் வாயுவைப் பற்றவைத்துப் பார்க்க வேண்டாம்.

ஜாடிகளைக் கறுப்புத் தாளால் சுற்றி நிழலில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் சுவரோரம் பச்சைப் பாசி பிடித்து, பிள்ளைகள் அதையே மக்குதல் என்று எழுதுவார்கள். முதல் வகை ஜாடிக்கு வாரம் ஒருமுறை 50 மி.லி. தண்ணீர், அதுவும் கைப்பிடிச் சோதனைக்குப் பிறகு. "வாடியிருக்குமே" என்று தினமும் ஊற்றும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு. அந்த ஜாடியில் மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிறைந்து, காற்றுள்ள ஜாடி காற்றில்லாத ஜாடியாக மாறிப் புளித்த வாடை அடிக்கும். அப்படி நடந்தால் தூக்கி எறியாதீர்கள், அதைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். பழ ஈ வந்தால் மேலே இரண்டு விரல்கடை காய்ந்த மண் போட்டால் அடங்கும்.

ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜாடியை 6ஆம் வாரமும் மற்றதை 12ஆம் வாரமும் திறங்கள். பொதுவாக எதிர்பார்க்கக்கூடியது இது: காற்றுள்ள ஜாடியில் வாழை இலை நரம்பாகிவிடும், செய்தித்தாள் கிழியும், பருத்தித் துணி ஓட்டை விழுந்து இழுத்தால் பிய்யும். பாலியஸ்டர், பால் கவர், பிஸ்கட் உறை மூன்றும் 25க்கு 25. காற்றில்லாத ஜாடியில் இலை நிறம் மாறியும் வடிவம் கெடாமல் இருக்கும், செய்தித்தாளை ஏறக்குறைய முழுசாக எடுக்கலாம். காய்ந்த ஜாடியில் எல்லாம் போட்டபடியே. வாரக் கணக்கு உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப முன்பின் ஆகும், ஆனால் வரிசை மாறுவது அபூர்வம். பிள்ளைகளை மிகவும் ஆச்சரியப்படுத்தும் துண்டு காகிதக் கப்தான்: காகிதம் கரைந்து போன இடத்தில் கண்ணாடி போல் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்று மிஞ்சும். காகிதம் என்று நினைத்ததன் உட்பூச்சு அது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் ஏன் இருக்கிறது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"மக்கும் பை" என்று அச்சிட்ட பையை யாராவது கொண்டுவந்தால் எட்டாவது துண்டாகச் சேருங்கள், ஆனால் முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பைகளுக்கான தரச் சோதனை சுமார் 58 டிகிரி வெப்பத்தில், பெரிய உரக் குவியலின் நிலைமையில் நடக்கிறது. இரண்டு லிட்டர் ஜாடி அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. குவியல் சூடேற ஏறக்குறைய ஒரு கன மீட்டர் அளவு வேண்டும். எனவே ஜாடியில் பை மக்கவில்லை என்றால் "ஏமாற்று" என்று முடிவுகட்ட முடியாது. ஜாடி நிலைமையில் 12 வாரத்தில் மக்கவில்லை, நம் வீட்டுத் தொட்டியிலும் அப்படியே ஆகலாம் என்பதுவரை சொல்லலாம்.

ஜாடியோடு கூடவே செலவில்லாத இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, கடையில் வரும் மெல்லிய கேரி கவரை மொட்டை மாடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதே கவரில் வெட்டிய துண்டை மண்ணில் புதைப்பது. மாடியில் உள்ளது சில மாதத்தில் நிறம் வெளுத்து விரல் பட்டாலே நொறுங்கத் தொடங்கும், புதைத்தது அப்படியே இருக்கும். புற ஊதாக் கதிரின் வேலை அது. நொறுங்கியதும் பறந்துவிடாமல் கீழே ஒரு தட்டு வையுங்கள், இல்லையென்றால் பாடம் எடுக்கப் போய் நாமே நுண்பிளாஸ்டிக் தூவியதாகும். இன்னொன்று, பள்ளி வளாகத்தில் 30 செ.மீ. ஆழக் குழி. துண்டுகளை வெங்காயம் வரும் நெட் பையில் கட்டிப் புதைத்து, நைலான் கயிற்றின் முனையை மேலே விடுங்கள். காகிதச் சீட்டில் பெயர் எழுதினால் அதுவே முதலில் மக்கிப் போகும். பால் கவர் துண்டில் எழுதுங்கள் அல்லது கயிற்றில் முடிச்சுப் போட்டு எண்ணுங்கள். மேலே கல் வைக்காவிட்டால் நாய் தோண்டும். செம்மண் பூமியில் கரையான் வந்து காகிதத்தையும் துணியையும் ஒரே வாரத்தில் தின்றுவிடலாம். அதுவும் சிதைவுதான், ஆனால் நுண்ணுயிர் வேகம் என்று அதை எழுதக் கூடாது.

கழிவுநீர் கசிவதைக் காட்ட ஒரு மணி நேரம் போதும். இரண்டு பாட்டிலை வெட்டிக் கழுத்தைத் தலைகீழாக வையுங்கள். ஒன்றில் ஜல்லி, மணல், நறுக்கிய குப்பை, அதன் நடுவில் இரண்டு கரண்டி காப்பித்தூள். மற்றதில் அதே அடுக்கு, ஆனால் குப்பைக்கு அடியில் 3 செ.மீ. ஏரிக் களிமண்ணும் அதன் மேல் பால் கவரும். மேலே 200 மி.லி. தண்ணீரை மழை போல் தூவுங்கள். முதலாவதில் சில நிமிடத்தில் பழுப்பு நீர் கீழே இறங்கும். இரண்டாவது பெரும்பாலும் தாங்கும், தாங்காமல் போனால் காரணம் களிமண் காய்ந்து சுவரை விட்டு விலகியிருப்பது. களிமண்ணை ஈரமாக வைத்து ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்ட வேண்டும். கவரில் குண்டூசியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு மறுபடி ஊற்றிக் காட்டுங்கள். விரிப்பும் களிமண்ணும் ஏன் இரண்டுமே வேண்டும் என்பது அப்போது விளங்கும்.

ஏற்காட்டில் தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் ஒரே மண், ஒரே துண்டு, ஒரே அளவுத் தண்ணீர் போட்டு முதல் வகை ஜாடி இன்னும் இரண்டு செய்து, ஒன்றை மலைக்கு அனுப்பிவையுங்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு ஆயிரம் மீட்டருக்கு மேல், வெப்பத்தில் ஏறக்குறைய 7, 8 டிகிரி குறையும். பத்து டிகிரி குறைந்தால் நுண்ணுயிர் வேலை பாதியாகும் என்பது பொதுவான தோராயக் கணக்கு. மலையில் உள்ள ஜாடி பின்தங்க வேண்டும். குழியில் புதைத்து ஒப்பிடாதீர்கள். ஏற்காட்டில் மழை அதிகம், அப்போது வித்தியாசம் சூட்டாலா ஈரத்தாலா என்று பிரிக்க முடியாது. ஏற்காட்டில் ஜாடியைக் குரங்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

செட்டிச்சாவடிக்குக் கூட்டிப் போகலாமா என்பதற்கு என் பதில்: வேண்டாம். கொட்டும் மேட்டின் சரிவு நிலையானது இல்லை. 2000இல் மணிலாவின் பயாதாஸிலும் 2017இல் அடிஸ் அபாபாவின் கோஷேயிலும் குப்பை மேடு சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் புதைந்து இறந்தார்கள். லாரி நடமாட்டம், கூர்மையான கழிவு, புகை, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் என்று கவலை நீளும். அதற்குப் பதில் ஈரக் குப்பையைத் தொட்டிகளில் போட்டு உரமாக்கும் மாநகராட்சியின் நுண் உர மையம் ஒன்றுக்குப் போங்கள். வார்டு சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டிக் கடிதம் கொடுத்து, ஈரக் குப்பை வந்து இறங்கும் காலை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய காலணி, முகக்கவசம், இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். நீளமான தெர்மாமீட்டர் இருந்தால் தொட்டியின் மேலும் நடுவிலும் சூட்டை அளக்கச் சொல்லுங்கள். நன்றாக நடக்கும் தொட்டியின் நடுவில் 50 டிகிரியைத் தாண்டும். ஜாடியில் காட்ட முடியாத ஒன்று அது. தூய்மைப் பணியாளர்களிடம் கேட்கக் கேள்விகளை வகுப்பிலேயே எழுதித் தயாரித்துப் போங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் சுற்றுலாவாக அது ஆகிவிடக் கூடாது. அந்த வேலை செய்பவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

ஜாடி என்பது மாதிரி மட்டுமே என்பதைக் கடைசி வகுப்பிலாவது சொல்லுங்கள். உண்மையான மேட்டின் ஆழம், அழுத்தம், உள்சூடு, வருஷக்கணக்கான காலம் எதுவும் இதில் இல்லை. 12 வாரத்தில் மக்காதது என்றைக்குமே மக்காது என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது.

முடிந்த பிறகு ஜாடிகளைத் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று திறங்கள். காற்றில்லாத ஜாடியை நீங்களே திறந்து, பத்து நிமிடம் விட்டுப் பிறகு பிள்ளைகளை அழையுங்கள். கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல். பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கி எண்ணிச் சரிபார்த்து உலர் குப்பையில் சேருங்கள். புளித்த மண்ணை உடனே செடிக்குப் போட்டால் வேர் கருகும். இரண்டு வாரம் நிழலில் பரப்பிக் கிளறிவிட்டு, வாடை போன பிறகு தோட்டத்தில் கொட்டலாம்.